பாறை வெடிப்புக்குள்ள எவ்ளோ எண்ணெய் இருக்கு, யாரு எப்படி அளக்குறாங்க? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல காவிரிப் படுகையோட பேஸ்மென்ட் பாறையில (படிவுகளுக்கெல்லாம் அடியில கெடக்குற பழைய கெட்டிப் பாறை) எண்ணெய் எடுக்கிறதப் பத்தி ரெண்டு பாரா எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்க முக்கால்வாசி ஒரே இடத்துல வந்து நிக்குது: கல்லுக்குள்ள எவ்ளோ இருக்குன்னு எப்படி சொல்றீங்க, சொன்ன நம்பர் ஏன் மாறிக்கிட்டே இருக்கு? இந்த தடவ முழுக்க அதுக்கே எடுத்துக்கறேன்.

மேடம், எங்க தெருவுல 500 அடி போர் போட்டும் சொட்டு தண்ணி வரல. அப்படிப்பட்ட கருங்கல்லுக்குள்ள எண்ணெய் எப்படி போய் உக்காரும்? அப்போ எங்க மலைக்கு அடியிலயும் இருக்குமா?
(பல்லாவரம் வாசகர்)

உங்க போர்ல தண்ணி வராததுக்கும் வேற ஒரு எடத்துல அதே மாதிரி கல்லுலேந்து எண்ணெய் வர்றதுக்கும் காரணம் ஒண்ணு தான். நீங்க நிக்கிறது சார்னோகைட்ங்கிற கருங்கல் மேல, ஜியாலஜிக்கல் சர்வே தேசிய புவியியல் நினைவுச் சின்னமா அறிவிச்சு வெச்சிருக்கிற பாறை அது. அந்தக் கல்ல ஒடைச்சு பாத்தா மணிங்க ஒண்ணோட ஒண்ணு இறுகிக் கெடக்கும், நடுவுல தண்ணி ஊறி நிக்க இடமே கெடையாது. தண்ணி இருந்தா வெடிப்புல தான் இருக்கணும். அதனால தான் பல்லாவரம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் பக்கமெல்லாம் ஒரு மனையில 200 அடியில ஊத்து கெடைச்சுடும், அடுத்த மனையில 600 அடி எறக்குனாலும் கம்ப்ரசர் ஊத ஊத பொடி தான் பறக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், அங்க மணலுக்கு நடுவுல தண்ணி பரவலா இருக்கும், எங்க போட்டாலும் கொஞ்சமாவது வரும். எண்ணெய் தேங்கி நிக்கிற பாறைய ரிசர்வாயர்னு சொல்வோம், அதுலயும் இந்த ரெண்டு வகை உண்டு, மணற்கல் ரிசர்வாயர் திருவான்மியூர் மாதிரி, வெடிப்புப் பாறை ரிசர்வாயர் உங்க தெரு மாதிரி, ஆழம் மட்டும் பல மடங்கு.

உங்க ஊர்ல தரைக்கு மேல தெரியிற அந்தப் பழைய பாறைக் குடும்பம் தெக்க போகப் போக கீழ எறங்கி, டெல்டாவுக்கு அடியில ஆயிரக்கணக்கான மீட்டர் படிவுகளுக்குக் கீழ பொதைஞ்சு கெடக்கு. அது சமமா இல்ல, சில எடத்துல பள்ளம், சில எடத்துல முகடு. பள்ளத்துல கிரெட்டேஷியஸ் காலத்துல படிஞ்ச களிப்பாறை சூடேறி எண்ணெய் உண்டாகும், அந்த எண்ணெய் பக்கவாட்டுலயும் மேலயும் நகர்ந்து முகட்டுல இருக்கிற வெடிப்புக்குள்ள ஏறிக்கும், மேல மூடி மாதிரி இன்னொரு களிப்பாறை இருந்தா அங்கயே தங்கிடும். சீர்காழி பக்கத்துல மாதானத்துல ஓஎன்ஜிசி இப்படித்தான் பேஸ்மென்ட்ல எண்ணெய் கண்டுபிடிச்சாங்க. உலகத்துல இதுக்கு பெரிய உதாரணம் வியட்நாம் கடல்ல இருக்கிற பாக் ஹோ, தமிழ்ல வெள்ளைப் புலின்னு அர்த்தம். அங்க மொதல்ல மேல இருந்த மணற்கல்லுல தான் எண்ணெய் எடுத்தாங்க, 1988-ல கீழ கிரானைட்டுல சோதிச்சப்ப தான் உண்மையான சொத்து அங்க இருக்குன்னு தெரிஞ்சது, அந்த வயல்லேந்து இதுவரைக்கும் 100 கோடி பேரலுக்கு மேல வந்தாச்சு.

உங்க மலைக்கு அடியில இருக்காது. எண்ணெய் உண்டாக்க பக்கத்துல களிப்பாறைப் பள்ளமும் இல்ல, வந்தாலும் புடிச்சு வெக்க மேல மூடியும் இல்ல, பாறை வெயில்ல காயுது.

நீளம், அகலம், ஆழம் தெரிஞ்சா பெருக்கிட்டு போக வேண்டியது தானே? இதுல என்ன இவ்ளோ குழப்பம்?
(நங்கநல்லூர்லேந்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்)

பெருக்கறது தான் சார், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எண்ணெய் இருக்கிற பரப்பளவு, அந்தப் பாறையோட தடிமன், அதுல காலி இடம் எத்தன சதவீதம், அந்தக் காலி இடத்துல தண்ணி போக எண்ணெய் எவ்ளோ, இந்த நாலையும் பெருக்கி கடைசியா ஒரு எண்ணால வகுக்கணும், ஏன்னா கீழ அழுத்தத்துல கரைஞ்சிருந்த கேஸ் மேல வந்ததும் பிரிஞ்சு போய் எண்ணெய் சுருங்கிடும். கணக்கு ஆறாங்கிளாஸ் கணக்கு தான். அதுல போடுற எண்ணு எங்கேந்து வருது, அங்க தான் சிக்கல்.

ஒரு முகடு எடுத்துக்கோங்க, 20 சதுர கிலோமீட்டர், எண்ணெய் நிக்கிற உயரம் 200 மீட்டர், காலி இடம் அரை சதவீதம், அதுல பத்துல ஒம்போது பங்கு எண்ணெய், சுருங்குற எண் 1.3. பெருக்குனா கிட்டத்தட்ட 8 கோடியே 70 லட்சம் பேரல் வரும். இப்போ காலி இடத்த மட்டும் 0.2 சதவீதம்னு மாத்துங்க, மூணரை கோடி ஆயிடும். 1 சதவீதம்னு போடுங்க, 17 கோடிய தாண்டிடும். வேற எதையும் தொடல, ஒரே ஒரு எண்ணு, அதுவும் தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், விடை அஞ்சு மடங்கு ஆடுது. மணற்கல்லுல காலி இடம் 20 சதவீதம் இருக்கும், அளக்குறதுல 1 சதவீதம் தப்பு வந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. வெடிப்புப் பாறையிலயும் கிணத்துக்குள்ள அதே கருவிய தான் எறக்குறோம், அந்தக் கருவியோட தப்பே 1 சதவீதம் கிட்ட இருக்கும், ஆனா நாம தேடுற மொத்தமே அதுக்கும் கீழ! இத நான் எத்தன தடவ நினைச்சாலும் மனசு கொஞ்சம் கனக்கும், ஏன்னா இந்த அடித்தளத்து மேல தான் கோடிக்கணக்கான ரூபா முடிவுங்க நிக்குது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க சார், உங்களுக்குப் புடிக்கும். மீட்டருக்கு ஒரு வெடிப்பு, ஒவ்வொண்ணும் 0.1 மில்லிமீட்டர் வாய் திறந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. காலி இடம் எவ்ளோ? வெறும் 0.01 சதவீதம். மூணு திசையிலயும் அப்படி வெடிப்பு இருந்தாலும் 0.03 தான். அப்போ அரை சதவீதம் வரணும்னா சும்மா வெடிப்பு பத்தாது, பிளவு ஓடுன எடத்துல பாறை நொறுங்கியிருக்கணும், இல்ல சூடான தண்ணி உள்ள ஓடி கனிமத்த கரைச்சிருக்கணும், இல்ல மண்ணுக்கு மேல இருந்த காலத்துல வெயில் மழையில உளுத்திருக்கணும். பாக் ஹோவுல இதெல்லாம் நடந்திருக்கு, அதனால தான் அவ்ளோ கொடுத்துச்சு. வேற ஒரு கிரானைட்ட பாத்து இதுவும் பாக் ஹோ தான்னு சொல்றவங்க கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, இங்க அந்த உளுத்தல் நடந்ததுக்கு என்ன ஆதாரம்னு தான்.

ஆனா சில கிணறுங்க ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேரல் குடுக்குதே மேடம், இவ்ளோ வேகமா வருதுன்னா உள்ள நெறைய இருக்குன்னு தானே அர்த்தம்?
(அசோக் நகர் வாசகி)

இல்லம்மா. நெறைய பேரு இங்க தான் சறுக்குறாங்க, தொழில்ல இருக்கிறவங்க உட்பட, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

வெடிப்போட வாய் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அதுல புடிக்கிற எண்ணெய் ரெண்டு மடங்கு ஆகும். ஆனா அது வழியா ஓடுற எண்ணெயோட அளவு எட்டு மடங்கு ஆகும், ஏன்னா ஓட்டம் அகலத்தோட மூணாம் அடுக்குல ஏறும். மூணு மடங்கு வாய்னா ஓட்டம் 27 மடங்கு, கொள்ளளவு வெறும் மூணு. மேல சொன்ன மீட்டருக்கு ஒரு 0.1 மில்லிமீட்டர் வெடிப்பு இருக்குல்ல, அது மட்டுமே பாறைக்கு 80 மில்லிடார்சி (பாறை வழியா எவ்ளோ சுலபமா ஓடும்னு அளக்குற அலகு) அளவு ஓட்டத் திறன் குடுத்துடும், நல்ல மணற்கல்லுக்கு சமம், ஆனா உள்ள புடிக்கிறது ஒண்ணுமே இல்ல. அதனால ஒரு கிணறு மொத வாரம் பிச்சுக்கிட்டு வந்தா அதுலேந்து தெரியறது ஒரே விஷயம், அகலமான வெடிப்பு ஒண்ணு கிணத்த தொட்டிருக்கு. அந்த வெடிப்பு எவ்ளோ தூரம் போகுது, எத்தன வெடிப்போட கை கோத்திருக்கு, கீழ எங்க தண்ணிய தொடுது, இதெல்லாம் மொத வாரத்துல தெரியவே தெரியாது. செய்தியில மொத நாள் உற்பத்திய போட்டு கொண்டாடறத பாத்தா எனக்கு கவலை தான் வரும்.

அப்போ எப்போ தெரியும்? கொஞ்சம் எடுத்துட்டு அழுத்தம் எவ்ளோ கொறைஞ்சிருக்குன்னு பாக்கணும். 10 லட்சம் பேரல் எடுத்ததுக்கு அழுத்தம் 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அலகு) கொறைஞ்சுதுன்னா, பாறையும் எண்ணெயும் சேந்து எவ்ளோ அமுங்கும்ங்கிற எண்ண வெச்சு பின்னாடி போய் கணக்கு போட்டா கிணத்தோட தொடர்புல உள்ள மொத்த எண்ணெய் தோராயமா 50 கோடி பேரல்னு வரலாம். ஆனா வெடிப்பு கெட்டிப் பாறைய விட சுலபமா அமுங்கும், அந்த அமுங்குற எண் நாம நினைச்சத விட ரெண்டு மடங்குனா விடை 25 கோடி தான். கீழேந்து தண்ணி வந்து அழுத்தத்த தாங்கிப் புடிச்சுதுன்னா அழுத்தம் கொறையவே கொறையாது, பாக்குறவங்க ஆஹா உள்ள கடல் மாதிரி இருக்குன்னு நெனச்சுப்பாங்க, கடைசியில மேல வர்றது தண்ணி. ஆனாலும் இந்த மெட்டீரியல் பேலன்ஸ் கணக்க நான் ரொம்ப மதிக்கிறேன், கிணறு வெட்டுறதுக்கு முன்ன வரைஞ்ச படத்த விட இது எவ்வளவோ மேல, ஏன்னா இதுல பாறையே வாய் திறந்து பேசுது.

மாண்டி கார்லோ முறையில 10,000 தடவ ஓட்டினா பி90, பி50, பி10 வந்துடுது. அதுக்கப்புறமும் நிச்சயமின்மை இருக்குன்னு ஏன் சொல்றாங்க? இன்னும் அதிக தடவ ஓட்டணுமா?
(கிண்டியில ஜியாலஜி படிக்கிற மாணவர்)

மத்த வாசகர்களுக்காக ஒரு வரி: பி90ன்னா இதுக்கு மேல இருக்க 90 சதவீதம் வாய்ப்பு, அதாவது சின்ன நம்பர், ஜாக்கிரதையான நம்பர். பி10ன்னா இதுக்கு மேல இருக்க 10 சதவீதம் தான் வாய்ப்பு, பெரிய நம்பர். நடுவுல பி50. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே எண்ணு போடாம ஒரு ரேஞ்ச் குடுத்து கம்ப்யூட்டர திரும்பத் திரும்ப எடுத்துப் பெருக்கச் சொன்னா இந்த மூணும் வரும், அது தான் மாண்டி கார்லோ.

இப்போ உங்களுக்கு. 10,000-ஐ 10 லட்சம் ஆக்குனாலும் ஒண்ணும் மாறாது தம்பி, கோடு கொஞ்சம் வழவழன்னு வரும், அவ்ளோதான். நிச்சயமின்மை கம்ப்யூட்டர்லேந்து வரல, நீங்க உள்ள போட்ட ரேஞ்சுலேந்து வருது, அத போட்டது ஒரு மனுஷன். 1976-லயே கேப்பன்ங்கிற எண்ணெய்த்துறை பொறியாளர் இத சோதிச்சு எழுதியிருக்காரு. கூட்டத்துல இருந்த பொறியாளர்கள பொதுவான கேள்விங்களுக்கு உண்மை விடை உள்ள விழ 90 சதவீதம் வாய்ப்பிருக்கிற மாதிரி ரேஞ்ச் குடுங்கன்னு கேட்டா, பத்துல ஒண்ணு தான் வெளிய விழணும், ஆனா பாதிக்கு மேல வெளிய விழுந்துச்சு. நமக்குத் தெரியாதது எவ்ளோன்னு நமக்கே சரியா தெரியறதில்ல, ரேஞ்ச ரொம்ப ஒடுக்கிடுறோம்.

அடுத்தது, மாணவர்கள் அடிக்கடி விட்டுடுற ஒண்ணு, உள்ளீடுங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததுன்னு வெச்சு ஓட்டுறது. அப்படி ஓட்டுனா ஒண்ணு பெருசா வர்றப்ப இன்னொண்ணு சின்னதா வந்து கழிஞ்சு போய், விடை நடுவுல வந்து குவிஞ்சிடும், பாக்க அழகா இருக்கும். நெசத்துல அப்படி இல்ல. எண்ணெய்-தண்ணி எல்லை (எண்ணெய் முடிஞ்சு தண்ணி ஆரம்பிக்கிற ஆழம்) கீழ போச்சுன்னா முகட்டோட சரிவுல பரப்பளவும் கூடும், உயரமும் கூடும், ரெண்டும் சேந்தே போகும். அந்தத் தொடர்ப போடலேன்னா பி90க்கும் பி10க்கும் நடுவுல இருக்கிற உண்மையான தூரம் உங்க கிராஃப்ல தெரியாமயே போயிடும்.

ஆனா எல்லாத்த விடவும் பெரிய விஷயம் மாடல். ஒரு குழு சொல்லுது, வெடிப்பு பெரிய பிளவுகள ஒட்டி மட்டும் ஒரு முப்பது நாப்பது மீட்டர் பட்டையா இருக்கு, நடுவுல இருக்கிறது செத்த பாறைன்னு. இன்னொரு குழு சொல்லுது, பாறை முழுக்க சின்னச் சின்ன வெடிப்பு பின்னிக் கெடக்குன்னு. ரெண்டு கிணறு தான் இருக்கு, ரெண்டு குழு சொல்றதும் அந்த ரெண்டு கிணத்துக்குப் பொருந்துது. இப்போ என்ன பண்றாங்கன்னா ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு சராசரி வெடிப்பு அடர்த்தியப் போட்டு மாண்டி கார்லோ ஓட்டிடுறாங்க. அந்த சராசரிப் பாறை பூமியில எங்கயும் கெடையாது! இருந்தா மொத வகை இருக்கும், இல்ல ரெண்டாவது வகை இருக்கும், ரெண்டுக்கும் கிணறு வெக்க வேண்டிய எடமே வேற. நான் சொல்றது இது தான், ரெண்டு கதையையும் தனித்தனியா ஓட்டுங்க, ரெண்டு விடையையும் தனித்தனியா மேசையில வைங்க, எந்தக் கதைக்கு எவ்ளோ வாய்ப்பு குடுக்குறீங்க, ஏன் குடுக்குறீங்கன்னு வாயால சொல்லுங்க, அப்புறம் எந்தத் தகவல் கெடைச்சா ஒரு கதை செத்துப் போகும்னு யோசிச்சு அந்தத் தகவலுக்குப் பணம் செலவு பண்ணச் சொல்லுங்க. கணக்கு போடுறதோட பயனே அந்த எடத்துல தான் இருக்கு.

நான் வெளிநாட்டு ஷேர் கொஞ்சம் பாப்பேன். பிரிட்டன்ல ஒரு எண்ணெய் கம்பெனி பல கோடி பேரல்னு சொல்லிட்டு ஒரே வருஷத்துல தலைகீழா மாத்திட்டாங்களே, அது ஏமாத்து வேலையா?
(மயிலாப்பூர் வாசகர்)

நீங்க கேக்குறது ஹரிக்கேன் எனர்ஜியோட லங்காஸ்டர் வயல்னு நெனைக்கிறேன். ஷெட்லாண்ட் தீவுகளுக்கு மேக்க கடலுக்கு அடியில, நம்ம பல்லாவரம் கல்லு மாதிரி ரொம்பப் பழைய உருமாறிய பாறை முகடு. அதுல எண்ணெய் இருக்கிறது 1974-லயே ஒரு கிணத்துல தெரிஞ்சது, ஆனா யாரும் துணிஞ்சு எறங்கல, 2009-ல இந்தக் கம்பெனி திரும்ப தோண்டுச்சு. 2017-ல சுயேச்சையான நிபுணர் குழு குடுத்த அறிக்கையில இருக்கிற திட்டத்துல லாபமா எடுக்கலாம்ங்கிற வகையில நடு நம்பர் 3 கோடியே 73 லட்சம் பேரல், அதுக்கு மேல நிபந்தனையோட எடுக்க வாய்ப்பிருக்குங்கிற வகையில 48 கோடியே 60 லட்சம். 2019 ஜூன்ல ரெண்டு படுக்கைக் கிணத்துலேந்து (கீழ போய் பக்கவாட்டுல திரும்புற கிணறு) உற்பத்தி ஆரம்பிச்சது, நல்லா தான் வந்துச்சு, அப்புறம் எதிர்பாத்தத விட சீக்கிரமே தண்ணி வர ஆரம்பிச்சது. 2020 செப்டம்பர்ல மறு ஆய்வுக்கு அப்புறம் மொத நம்பர் 1 கோடியே 60 லட்சம், ரெண்டாவது 5 கோடியே 80 லட்சம்னு எறங்கிடுச்சு. ரெண்டாவது வகையில எட்டுல ஒரு பங்கு கூட சரியா நிக்கல.

முக்கியமான காரணம் எண்ணெய்-தண்ணி எல்லை. முகட்டோட மூடி அமைப்பு எந்த ஆழம் வரைக்கும் எண்ணெயப் புடிச்சு வெக்க முடியுமோ அதுக்கும் நல்லாவே கீழ வரைக்கும் எண்ணெய் இருக்குன்னு முன்ன எடுத்துக்கிட்டாங்க, உற்பத்தித் தகவல் வந்தப்புறம் எல்லை அத விட ரொம்ப மேலயே இருக்குன்னு ஆச்சு. மணற்கல்லுல இந்த எல்லைய லாக் கருவியில (கிணத்துக்குள்ள எறக்கி அளக்குற கருவி) ஓரளவு தெளிவா படிச்சுடலாம். வெடிப்புப் பாறையில தோண்டுறப்பவே கிணத்துக்குள்ள விடுற சேறு வெடிப்புக்குள்ள பூந்து அங்க இருந்த எண்ணெயையோ தண்ணியையோ தள்ளிட்டுப் போயிடும், கருவி படிக்கிறது அந்தச் சேத்த தான். அதனால எல்லைய மறைமுகமா ஊகிக்க வேண்டியிருக்கு, மாதிரி எண்ணெய் எங்க வரைக்கும் கெடைச்சுது, அழுத்தக் கோடு எப்படிப் போகுது, கேஸ் அளவு எங்க கொறையுதுன்னு.

ஏமாத்து வேலையான்னு கேட்டீங்க. எனக்கு அப்படித் தோணல. அறிக்கையில கீழ் நம்பர், மேல் நம்பர் ரெண்டும் இருந்துச்சு, உற்பத்திய ஆரம்பிச்சதே பாறை எப்படி நடந்துக்குதுன்னு பாக்குறதுக்குன்னும் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. ஆனா பேப்பர்லயும் டிவியிலயும் ஓடுனது நடு நம்பர் மட்டும் தான், ஷேர் வாங்குனவங்க கையில இருந்ததும் அது மட்டும் தான், அவங்க பணம் போனது போனது தான். அதனால தான் நான் ஒவ்வொரு தடவையும் கத்துறேன், ஒத்த நம்பர் குடுத்தா வாங்காதீங்க, ரேஞ்ச் கேளுங்க, அதுக்கப்புறம் அந்த ரேஞ்ச் எந்த அனுமானத்து மேல நிக்குதுன்னு கேளுங்க. லங்காஸ்டர்ல யாராவது எல்லை மேல ஏறுனா நம்பர் என்னாகும்னு கேட்டிருந்தா விடை அங்கயே இருந்திருக்கும்.

அவசரப்படாம காத்திருந்து கணக்கு போட்டவங்க யாராவது உண்டா?
(வேளச்சேரி வாசகர்)

உண்டு, அதே ஷெட்லாண்ட் பக்கம் கிளேர் வயல். 1977-ல கண்டுபிடிச்சது, உற்பத்தி 2005-ல தான். இது கிரானைட் இல்ல, பழைய மணற்கல், ஆனா எண்ணெய் கிணத்துக்கு வந்து சேர்றது வெடிப்பு வழியா. மொத்தமா உள்ள பல நூறு கோடி பேரல் இருக்குன்னு தெரியும், வெடிப்பு எங்க இணைஞ்சிருக்குன்னு தான் தெரியல. 90-கள்ல நீண்ட நாள் கிணத்த ஓட விட்டு சோதிச்சு, கடல்ல நல்ல சைஸ்மிக் (ஒலி அலை அனுப்பி எடுக்கிற பூமிப் படம்) எடுத்து, அப்புறம் தான் எறங்குனாங்க. 28 வருஷம் ரொம்ப அதிகம்னு சொல்லலாம், அந்தக் காத்திருப்புல பாதி தொழில்நுட்பத்துக்காக, பாதி எண்ணெய் விலைக்காக.

கிணத்துக்குள்ள கேமரா விட்டு வெடிப்ப எண்ணிட முடியாதா?
(குரோம்பேட்டை பள்ளி மாணவி)

நல்ல கேள்வி. கேமரா மாதிரியே ஒண்ணு இருக்கு, சுவத்த மின்சாரத்தால வருடி படம் எடுக்கும், இமேஜ் லாக்னு பேரு. வெடிப்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, எத்தன இருக்குன்னு எண்ணலாம். ஆனா ஒரு பொறி இருக்கு. பாறையில முக்கால்வாசி வெடிப்பு கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், கிணறும் செங்குத்தா எறங்குது, ரெண்டும் இணையா போறதால ஒண்ணையொண்ணு தொடாமயே போயிடும். 80 டிகிரி சாஞ்ச வெடிப்புக் கூட்டத்த செங்குத்துக் கிணத்துல எண்ணுனா கிட்டத்தட்ட ஆறுல ஒண்ணு தான் கணக்குல வரும். ரூத் டெர்சாகிங்கிற அம்மா 1965-ல இதுக்கு ஒரு திருத்தக் கணக்கு எழுதுனாங்க, இன்னிக்கும் எல்லாரும் அத தான் போடுறோம். ஆனா ஒண்ணு கூட தொடலேன்னா திருத்தறதுக்கு என்ன இருக்கு? பூஜ்யத்த எதால பெருக்குனாலும் பூஜ்யம் தான். அதனால தான் சாஞ்ச கிணறு, படுக்கைக் கிணறு போடுறாங்க.

எண்ணிக்கைய விட எனக்குப் பிடிச்ச சாட்சி வேற. தோண்டுறப்ப உள்ள விடுற சேறு திடீர்னு காணாமப் போகும், அங்க தொறந்த வெடிப்பு இருக்குன்னு அர்த்தம். படத்துல பளிச்சுன்னு தெரியிற வெடிப்பு கால்சைட்ங்கிற கனிமம் அடைச்சுக் கெடக்கும், ஒரு சொட்டு விடாது, சேற குடிச்ச வெடிப்பு பொய் சொல்லாது.

இருக்கிறதுல எவ்ளோ மேல வரும்?
(அடையாறு வாசகர்)

வயலுக்கு வயல் மாறும், ரொம்பவே மாறும். டெக்சாஸ்ல ஸ்ப்ராபெரின்னு ஒண்ணு, உள்ள கணக்கில்லாம இருந்தும் ரொம்ப காலம் பத்து சதவீதம் கூட எடுக்க முடியல. நார்வே கடல்ல எகோஃபிஸ்க், வெடிப்பு விழுந்த சுண்ணப்பாறை, மொதல்ல 17 சதவீதம் தான் வரும்னு போட்டாங்க, தண்ணி உள்ள செலுத்துனப்ப அந்தக் கல்லு தண்ணிய உறிஞ்சிக்கிட்டு எண்ணெய வெடிப்புக்குள்ள தள்ளுச்சு, இப்போ கணிப்பு 50 சதவீதத்துக்கு மேல. கல்லு தண்ணிய விரும்புதா எண்ணெய விரும்புதாங்கிறது தான் அங்க தீர்ப்பு சொல்லுச்சு. கிரானைட் மாதிரி பாறையில உறிஞ்ச கல்லே இல்ல, எல்லாம் வெடிப்பு தான், தண்ணி அகலமான வெடிப்பு வழியா குறுக்கால ஓடி வந்துடும், எண்ணெய் சின்ன வெடிப்புல மாட்டிக்கும். அங்க வேகமா இழுக்கக் கூடாது.

அம்மா, எங்க சொந்த ஊரு சீர்காழி பக்கம். எங்க நெலத்துக்கு அடியில பெரிய எண்ணெய் இருக்குன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. எவ்ளோ இருக்கும்?
(தாம்பரம் வாசகர்)

உங்க நெலத்துக்குன்னு தனியா ஒரு நம்பர் யாராலயும் சொல்ல முடியாதுங்க, வெடிப்பு வரப்பு பாத்து போறதில்ல. ஊர்ல பேசுற நம்பர் எதுவா இருந்தாலும் அது உள்ள இருக்கிறதா மேல வரக்கூடியதான்னு மொதல்ல கேளுங்க, பெரும்பாலும் பெரிய நம்பர் மொத வகையா இருக்கும். 2020-ல வந்த வேளாண் மண்டலச் சட்டத்துல டெல்டாவுல புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை இருக்கு, ஏற்கனவே நடந்துக்கிட்டு இருந்தத அது தொடல. நெலம், தண்ணி பத்தி உங்களுக்கு இருக்கிற கவலைக்கு எண்ணெய் எவ்ளோங்கிற நம்பர் பதில் இல்ல, அந்தக் கவலைய அதுக்குரிய கேள்வியாவே கேளுங்க, கூட்டம் போட்டா குடிதண்ணி ஊத்து எந்த ஆழம், கேசிங் (கிணத்துக்குள்ள எறக்குற இரும்புக் குழாய்) எந்த ஆழம் வரைக்கும் சிமெண்ட் போட்டிருக்குன்னு எழுதி வாங்குங்க.

இந்தத் துறைக்கு வரணும்னு ஆசை. சாஃப்ட்வேர் எது மொதல்ல கத்துக்கணும்?
(மேடவாக்கம் கல்லூரி மாணவி)

சாஃப்ட்வேர் வேலைக்குப் போனா மூணு மாசத்துல வந்துடும். அதுக்கு முன்ன ஒரு பாறைய அளந்து பாருங்க. செஞ்சி, திருவண்ணாமலை பக்கம் பாறை திறந்து கெடக்கு, டேப்பு, காம்பஸ் போதும், குவாரி ஓரத்துக்கு மட்டும் போகாதீங்க. பாறை மேல ஒரு நேர் கோடா டேப்ப விரிச்சு, அத வெட்டுற ஒவ்வொரு வெடிப்பும் எத்தனாவது மீட்டர்ல வருது, எந்தத் திசை, எவ்ளோ நீளம்னு குறிச்சுக்கிட்டே போங்க. அப்புறம் டேப்ப செங்கோணமா திருப்பிப் போட்டு திரும்ப எண்ணுங்க, எண்ணிக்கை மாறும், டெர்சாகி சொன்னது அப்போ கையிலயே புரியும். குட்டி வெடிப்பு நெறையவும் நீள வெடிப்பு கொஞ்சமாவும் வரும். ரொம்ப நீளமான சிலது பாறை முடியிற எடத்துல மண்ணுக்குள்ள போயிடும், அதோட உண்மையான நீளம் உங்களுக்குத் தெரியாது. அத பாறை முடிஞ்ச எடத்தோட நிறுத்தி எழுதிடாதீங்க, எண்ணெய் ஓட்டத்துல பெரும் பங்கு அந்த சிலது வழியா தான் நடக்கும். நோட்டுல "முடிவு தெரியல"ன்னு தனியா ஒரு கட்டம் போட்டு அதுல எழுதுங்க.